நொதி

மாவு புளித்துப் பொங்குவதைச் சொல்லும் 'நொதித்தல்' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். உயிரணுக்கள் உண்டாக்கும், தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள், பெரும்பாலும் புரதம். 1870களில் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அது 'ஈஸ்டுக்குள்' என்று பொருள்படும். இலங்கைப் பாடநூல்களில் நொதியம். எனக்கு நொதியே பிடிக்கும். குறுகியது, வேர் தெரிகிறது.

சலவைத்தூளில் நொதி இருக்கிறதா என்று அறிய, கரைசலில் பாதியைக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். இரண்டையும் பால் கலந்த அகர் தட்டில் இட்டால், புரதம் சிதைக்கும் நொதி பாலின் வெண்மையைக் கரைத்துத் தெளிந்த வட்டம் காட்டும். கொதித்த பாதி காட்டாது. மாவுப்பொருள் சிதைக்கும் நொதிக்குக் கஞ்சியும் அயோடினும் போதும்: நொதி கஞ்சியைச் சிதைத்தால், அயோடின் தரும் நீலம் மறையும். ஆனால் தூளிலுள்ள காரமே அயோடினின் நீலத்தை அழித்துவிடும். கொதித்த பாதியிலும் நீலம் போனால், காரணம் நொதி அல்ல. இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் சோதனையே வீண்.

கேரளத்தில், ஃபோர்ட் கொச்சியின் வேலி என்ற பகுதியிலுள்ள தோபிக்கானா என்ற சலவைக்கூடத்தில், தமிழ் வண்ணார் இன்றும் துணிக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்தக் கஞ்சியைக் கரைப்பது, மாவுப்பொருள் சிதைக்கும் அமைலேஸ் நொதி. அதே ஊரில், கொச்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எங்கியோடோன்டியம் ஆல்பம் என்ற கடல் பூஞ்சையிலிருந்து புரதம் சிதைக்கும் நொதியைப் பிரித்து 2006இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.