சேலத்து மூசை எஃகும் வளிவழி உலோகமாற்றமும்

கொங்கு நாட்டு இரும்புத் தொழிலை ஆராய்வோர் பெரும்பாலும் கொடுமணல் உலைகளோடு நின்றுவிடுகின்றனர். எஃகு ஆக்கிய செய்முறையை விரிவாகக் கூறும் எழுத்துச் சான்றுகளுள் ஒன்று மிகப் பிற்பட்டது: பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், இந்திய இரும்பும் எஃகும் குறித்து 1839இல் வெளியிட்ட கட்டுரை.

எஃகுத் தொழிலின் தலைமையிடமாக ஹீத் சேலம் மாவட்டத்தைச் சுட்டுகிறார். அங்குள்ள தாது காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பு ஆக்சைடு. சராசரியாக நூற்றுக்கு 48 பங்கு குவார்ட்சு கலந்தது. கொல்லர்கள் தாதுவை இடித்து, புடைத்தோ நீரில் அரித்தோ குவார்ட்சை நீக்கினர். உருக்கி அடித்த இரும்பைத் துண்டாக்கி, உமி கலந்த களிமண் மூசையில் உலர்ந்த ஆவாரைக் குச்சிகளுடன் இட்டு, பச்சை எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்தனர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதினால், இரண்டரை மணி நேரத்தில் எஃகு கிடைத்தது. ஷெபீல்டில் இரும்புப் பாளங்களைக் கரித்தூளில் புதைத்துக் கரியேற்றப் பல நாள்கள் தேவைப்பட்டன.

இவ்வேகத்திற்கு ஹீத் தரும் விளக்கமே கட்டுரையின் உயிர்ப்பகுதி. மூடிய மூசையில் குச்சியும் இலையும் வெந்து ஹைட்ரோகார்பன் வளியை வெளியிடுகின்றன. அவ்வளி இரும்புக்குக் கார்பனை விரைந்து அளிக்கிறது என்றார். இரும்பைக் கரியுடன் உருக்கும் மஷெட்டின் 1800ஆம் ஆண்டுக் காப்புரிமையும், வளியால் கரியேற்றும் மக்கின்டாஷின் 1825ஆம் ஆண்டுக் காப்புரிமையும் இந்தியக் கொல்லரின் ஒரே மூசையில் முன்னமே இணைந்திருந்தன என்பது அவர் முடிபு. இது ஊகமே, மூசைக்குள் நிகழ்வதை அவர் அளந்து காட்டவில்லை. ஆயினும் எருக்கிலையை வெறும் மூடுபொருளாகக் கருதிக் கடந்துவிட இயலாது.

வளியிலிருந்து அணுக்கள் திண்ம இரும்பினுள் ஊடுருவும் என்பது இன்று ஐயத்திற்கு இடமற்ற செய்தி. 1920களில் ஜெர்மனியில் அடோல்ஃப் ஃப்ரை அம்மோனியா வளியால் எஃகின் மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்கினார். துருவேறா எஃகில் குரோமியம் ஆக்சைடுப் படலம் வளியைத் தடுப்பதால் பிளாஸ்மா முறை கைக்கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 400 முதல் 450 பாகை செல்சியசில் நைட்ரஜன் ஆஸ்டெனைட்டின் படிகக் கட்டமைப்பை விரியச் செய்கிறது. 1980களில் ஜப்பானிலும் பர்மிங்காமிலும் இப்படலம் இனங்காணப்பட்டது. நைட்ரஜன் மிகுந்தால், காந்தம் ஈர்க்காத அவ்வெஃகின் மேற்பரப்பு ஃபெரோகாந்தத் தன்மை பெறுகிறது. மூசையிலோ கார்பன் துண்டு முழுவதிலும் பரவி, இரும்பின் உருகுநிலையைத் தாழ்த்தியது. இரண்டையும் ஒன்றெனல் பிழை. பொதுவாய் நிற்பது வளியின் பங்கு மட்டுமே.

கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1981 முதல் துருவேறா எஃகுத் தகடுகளை ஆக்கிவருகிறது. மலையின் காந்தத் தாதுவை அது பயன்படுத்தவில்லை.

பிறர் காப்புரிமைகளுக்கு முன்னோடி சேலத்தில் உண்டெனக் காட்டிய ஹீத், அதே 1839இல் எஃகில் மாங்கனீசு கார்பைடு சேர்க்கும் முறைக்குத் தாமே காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு ஆலையினர் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே இட்டு அதே பயனை அடைந்தனர். நெடிய வழக்கின் முடிவைக் காணாமலே ஹீத் 1851இல் இறந்தார். 1855இல் பிரபுக்கள் அவையின் தீர்ப்பு அவர் தரப்புக்கு எதிராக அமைந்தது.