சாயம் உரிந்த சுவரும் சட்டமிட்ட படமும்

மேம்பாலத்தின் அடிப்பக்கம், கடைவரிசையின் இரும்புக் கதவு, மழையிலும் வெயிலிலும் சாயம் உரிந்த சுவர். ஸ்கூடாயில் தினமும் கண்ணில் படும் இவற்றை மிக நெருங்கி, பெயர்ப்பலகையோ ஆளோ தெரியாதபடி படம் பிடித்தால் அது எந்த இடம் என்றே தெரியாது. நிறமும் கோடும் நிழலும்தான் மிஞ்சும். இதுதான் நகர்ப்புற அரூப நிழற்படக்கலை.

இது நேற்று வந்தது அல்ல. அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916இலேயே ஒரு வீட்டுத் திண்ணையில் விழுந்த நிழல்களை மட்டும் படமாக்கினார். 1940களில் ஏரன் சிஸ்கின்ட் கிழிந்த சுவரொட்டிகளையும் உரிந்த சாயத்தையும் ஓவியம்போல் காட்டினார். நிழற்படத்தைக் கலையாகப் பார்க்கும் மரபு ஜொகூருக்கும் உண்டு. 1939இல் பிறந்த எரிக் பெரிஸ், ஜொகூர் அரண்மனை ஓவியராக இருந்த இலங்கையர் ஓ. டான் பெரிஸின் மகன். நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழின் படப்பிரிவு ஆசிரியராக இருந்த அவர், கறுப்பு வெள்ளைப் படங்களால் பெயர் பெற்றவர்.

எடுக்க கைப்பேசியே போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். படம் கைப்பேசியிலேயே கிடந்து, கைப்பேசி பழுதானால் அதோடு போய்விடுகிறது. அச்சிட்டாலும் எல்லா அச்சும் நிற்பதில்லை. வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் இது புரியும்: தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கும், 1970களில் எடுத்த கல்யாண வண்ணப்படமோ சிவந்து போயிருக்கும். அக்கால வண்ணத்தாளில் நீலச்சாயம் முதலில் மங்கியதே காரணம்.

கலைத்தர அச்சில் சாய மைக்குப் பதில் நிறமி மை பயன்படுகிறது. நிறமியின் நுண்துகள்கள் ஒளியைத் தாங்கும். காகிதம் அமிலம் இல்லாத பருத்தி இழைக் காகிதமாக இருந்தால் மஞ்சளாவது குறையும். சொரசொரப்பான சுவர்ப் படத்துக்கு மினுப்பில்லாத தாளே பொருந்தும். கண்ணாடிக் கட்டடம் என்றால் பளபளப்பான தாள் எடுபடும்.

அளவையும் கணக்கிட வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள் உள்ளன. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 13க்கு 10 அங்குலம் வரை கூர்மை குறையாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டே படத்தைத் திருத்துவார்கள். அச்சில் அது இருண்டு வரும். பழியோ அச்சுக்கடைக்காரர் தலையில்! திரையைத் தணித்து, முதலில் சிறிய சோதனை அச்சு ஒன்று எடுத்துப் பார்த்தால் பணம் மிச்சம்.

நம் ஊர் ஈரக்காற்று பூஞ்சையைக் கொண்டு வரும். படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் கனமான அட்டை வைத்துச் சட்டமிட வேண்டும். வெயில் நேராக விழும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது.

தோட்டத்து லயன் வீடுகளின் சுண்ணாம்பு பூசிய பலகைச் சுவரும் இந்தக் கலைக்கு நல்ல பொருள். ஆனால், பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மிச்சமிருக்கும் சுவர்களை இடிபடும் முன்பே எடுக்க வேண்டும். சிவந்துபோன பழைய படங்களின் நெகட்டிவ் வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதை ஸ்கேன் செய்து, நிறத்தைச் சரிசெய்து, நிறமி மையில் மறுபடி அச்சிடலாம்.