காளாம்பி

காளானின் பழைய பெயர் ஆம்பி. ‘காளாம்பி’ என்றும் வழங்கியது. சிறுபாணாற்றுப்படை வறியவன் அடுக்களையைக் காட்டும்போது, கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி பூத்திருப்பதாகச் சொல்கிறது. புறநானூற்றிலும் சமைக்க மறந்த அடுப்பில் ஆம்பி பூக்கும். புலவர்களுக்கு அது பசியின் அடையாளம். ஆனாலும் கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த அந்தக் கண்ணை என்னவென்று புகழ்வது! புற்றுக்காளானை வளர்ப்பவையே கறையான்கள்தாம். தின்ற சருகையும் மரத்தையும் புற்றுக்குள் அடையாகக் கட்டி, அதில் பூஞ்சையைப் பயிர்செய்து உண்கின்றன. மழைக்குப் பின் அது மண்ணைப் பிளந்து குடை விரிக்கிறது.



பூசணம், பூஞ்சை என்னும் சொற்களும் பூப்பதையே நினைவூட்டுகின்றன. ஆனால் மண்ணிலுள்ள பூஞ்சைகளில் பெரும்பாலானவை வெளியே தலைகாட்டுவதில்லை. ஐரோப்பாவில் நாயைவிட்டு மோப்பம் பிடித்துத் தோண்டும் ட்ரஃபிள் மண்ணுக்குள்ளேயே முதிரும். பண்ருட்டி முந்திரியின் வேருக்குள் குடியிருந்து மணிச்சத்தை ஊட்டும் பூஞ்சைக்கு வேளாண் துறையார் இட்ட பெயர் ‘வேர் உட்பூசணம்’. உரக்கடையில் ‘வேம்’ என்று கேட்டால் கிடைக்கும்.