வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆதிச்சநல்லூர் என்று சொன்னாலே எல்லோரும் தாழியைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்தப் பதிவு தாழியைப் பற்றியது இல்லை, ஒரு ரசீதைப் பற்றியது. அப்பா வீட்டு வரி ரசீதை நீட்டி, "ஏல, இதுல நூலக வரின்னு தனியா போட்டுருக்கான் பாரு. நா எப்பல நூலகத்துக்குப் போனேன்?" என்றார். வீட்டு வரி 220 ரூபாய், நூலக வரி 22. அதாவது ரூபாய்க்குப் பத்து காசு.

அப்பா போனதில்லை, நான் போயிருக்கிறேன். பள்ளி நாட்களில் சைக்கிளை மிதித்து ஸ்ரீவைகுண்டம் கிளை நூலகத்துக்குப் போவேன். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அப்போது யோசித்ததே இல்லை. இந்த முறை ரசீதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன்.

இந்த வரிக்கு மூலகாரணம் ஒரு கணக்கு வாத்தியார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே பொது நூலகங்கள் உள்ளூர் வரியில் நடந்துகொண்டிருந்தன. பிரிட்டனில் அதற்கான சட்டம் 1850லேயே வந்துவிட்டது, பவுனுக்கு அரைப் பென்னி. அதில் ஒரு வேடிக்கை: அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆள் வைக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! புத்தகம் யாராவது தானமாகத் தருவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். 1855இல்தான் வரியை ஒரு பென்னியாக்கி, புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள்.

ஊர் திரும்பிய ரங்கநாதன் 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அதை ஒட்டி 1933இல் பஷீர் அகமது சையீது சென்னை சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1946இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரான பிறகுதான் காரியம் நகர்ந்தது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். (அதற்கு முன் 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அது மன்னர் ஆட்சி.)

சட்டத்தின் அமைப்பைப் படிக்கும்போது எனக்கு ஒரு நல்ல சாப்ட்வேர் டிசைனைப் பார்த்த மாதிரி இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அதற்குத் தனி நிதி. பஞ்சாயத்தும் நகராட்சியும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியை வசூலித்து அந்த நிதியில் கட்ட வேண்டும். சென்னை நகரம் தவிர்த்த மாவட்டங்களுக்கு, வசூலான தொகைக்குக் குறையாத பணத்தை அரசும் போட வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. வீடு இருக்கும் வரை வரி, வரி இருக்கும் வரை நூலகம்.

ஆனால் எந்த டிசைனிலும் ஒரு ஓட்டை இருக்கும். இங்கே வசூல் பண்ணுவது ஒருவர், செலவு பண்ணுவது இன்னொருவர். நடுவில் பணம் தங்கிவிடுகிறது. உள்ளாட்சிகள் நூலக வரியை வசூலித்தும் ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைத்திருக்கின்றன என்ற செய்தி பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. நிர்வாகத்திலும் ஒரு குறை இருந்தது. கல்வித் துறையின் தலைவரே நூலகங்களுக்கும் இயக்குநர். நெ.து.சுந்தரவடிவேலு போல ஆர்வமுள்ளவர் அந்த நாற்காலியில் இருந்தபோது நூலகங்கள் பெருகின. எல்லோருமா அப்படி அமைவார்கள்? தனி இயக்ககம் வந்தது 1972இல்தான்.

இதெல்லாம் மாவட்ட நூலகக் கதை. நாட்டின் நூல்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்பது யார்? அதற்கு வேறொரு சட்டம், 1954ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் புத்தகம் போடுகிற எவரும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, டெல்லியில் உள்ள மூன்று நூலகங்களுக்கும் சொந்தச் செலவில் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் புத்தகத்தின் விலையோடு 50 ரூபாய் வரை அபராதம். 1954இல் 50 ரூபாய் பெரிய காசு.

சென்னையில் அந்தப் பிரதி போகும் இடம் கன்னிமாரா. லண்டன் பக்கத்தில் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிய புத்தகங்களை 1860 வாக்கில் கப்பலேற்றி அனுப்ப, அவற்றை வைத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய சிறு நூலகம்தான் அதன் வித்து. இன்றைய கட்டடம் திறந்தது 1896 டிசம்பரில். எங்கள் ஊரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருட்களும் அதே வளாகத்தில்தான், பக்கத்துக் கட்டடத்தில், இருக்கின்றன. ஊர்க்காரன் தன் ஊரைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேற வேண்டும்!

கன்னிமாராவில் இரண்டு சட்டங்கள் சந்திக்கின்றன. 1948 சட்டம் அதை மாநில மைய நூலகம் ஆக்கியது. 1954 சட்டம் அங்கே புத்தகத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கொட்டும் சட்டம், அதை அடுக்கவும் பட்டியலிடவும் பணம் தரவில்லை. இலவசமாக வரும் புத்தகம் உண்மையில் இலவசம் இல்லை. அலமாரி, ஆள், பட்டியல், பூச்சி மருந்து எல்லாம் செலவு.

சட்டம் இல்லாமல் வெறும் ஆணையில் நிற்கும் நூலகத்துக்கு என்ன ஆகலாம் என்பதற்கு கோட்டூர்புரம் சாட்சி. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. ஆட்சி மாறியதும், 2011 நவம்பரில், அதை இடம் மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக முடிவு வந்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டது, நூலகம் பிழைத்தது. யார் சரி, யார் தவறு என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. எட்டு மாடிக் கட்டடத்தை ஒரு முடிவு அசைத்துப் பார்த்தது. அப்பாவின் 22 ரூபாயை நிறுத்த வேண்டுமென்றால் சட்டசபை கூடித்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

என் தொழில் தொழில்நுட்பம், ஆனாலும் அதைக் கடைசியில்தான் வைக்கிறேன். "எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டால் போதுமே" என்பார்கள் நண்பர்கள். ரீ 1915இல் வெளியிட்ட ஆதிச்சநல்லூர்ப் பொருட்பட்டியலை நானும் ஸ்கேனில்தான் படித்தேன். ஆனால் ஏதோ ஒரு நூலகம் அந்தத் தாளை இத்தனை வருடம் செல்லரிக்காமல் காத்ததால்தான் ஸ்கேன் வந்தது. அடுத்தது தேடல். உ.வே.சா., சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் மூன்றும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? ஒரு நூலகர்தான் உட்கார்ந்து இணைக்க வேண்டும். மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் டிஸ்கி குறியீட்டில் இருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றவும் ஆள் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்றால் பேச்சு மறுபடியும் ரசீதுக்கே வந்து நிற்கிறது.

இன்னொன்று. 1954 சட்டம் அச்சுப் புத்தகத்தையும், 1956 திருத்தத்துக்குப் பிறகு செய்தித்தாளையும்தான் கேட்கிறது. மின்நூலை, இணையத்தளத்தைக் கேட்கவில்லை. சிங்கப்பூரில் 2018இல் சட்டத்தைத் திருத்தி, அந்நாட்டு முகவரி கொண்ட இணையத்தளங்களை அனுமதி கேட்காமலே தேசிய நூலகம் சேமிக்க வழி செய்துவிட்டார்கள். இந்தப் பதிவைச் சேமிக்கும் கடமை இங்கே யாருக்கும் இல்லை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிப் போட்டேன். எங்கள் பஞ்சாயத்தில் கடந்த ஐந்து வருடத்தில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, இரண்டே கேள்வி. பத்து ரூபாய் கட்டணத்தை அப்பாதான் கொடுத்தார். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.