மணி பிளான்ட் (காவிரிப் படுகையில் வளர்ப்பு)

மணி பிளான்ட், சேம்புக் குடும்பத்தைச் (அரேசியே) சேர்ந்த பசுமை மாறாத படர்கொடி. தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். இலையழகுக்காகவே வீட்டுக்குள் வளர்க்கப்படுகிறது. கும்பகோணம்–திருவாரூர் சாலையில் உள்ள குடவாசல் போன்ற காவிரிப் படுகை ஊர்களில் திண்ணை ஓரத்திலும் கூடத்து ஜன்னலிலும் கடைக் கல்லா மேசையிலும் இதைக் காணலாம். குளிர்நாடுகளில் இச்செடிக்கு முயன்று தர வேண்டிய வெப்பமும் காற்றின் ஈரமும் இங்கே இயல்பாகவே கிடைக்கின்றன. இங்கு கவனிக்க வேண்டியவை வடிகால், வெளிச்சம், கொசு ஆகிய மூன்றும்தான்.

தாயகமும் வகைப்பாடும்

இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. 1880இல் லிண்டன், அந்த்ரே என்னும் தாவரவியலாளர்கள் போத்தோஸ் ஆரியஸ் என்னும் பெயரில் இதை விவரித்தனர். பின்னர் சிண்டாப்சஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பூவே கிடைக்காததால் சரியான இடத்தில் வைப்பது நெடுங்காலம் கடினமாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பூத்த செடி ஒன்று ஆய்வுக்குக் கிடைத்த பிறகு, 1964இல் இன்றைய பெயர் அமைந்தது.

இக்கொடி ஏன் இயல்பாகப் பூப்பதில்லை என்பதை 2016இல் வெளியான மரபணு ஆய்வு விளக்கியது. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி இச்செடியில் போதிய அளவு உருவாவதில்லை. அதை வெளியிலிருந்து தெளித்தபோது செடி பூத்தது. பூவும் விதையும் இல்லாததால் உலகெங்கும் இச்செடி தண்டுத் துண்டுகளின் வழியாகவே பெருகியிருக்கிறது.

தோற்றம்

தொட்டியில் வளரும் கொடியின் இலை வெற்றிலையை ஒத்த இதய வடிவம் கொண்டது. பச்சையில் மஞ்சள் தெளிப்புகள் இருக்கும். வெற்றிலை மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இரண்டுக்கும் உறவில்லை. வீட்டுக்குள் நாம் காண்பது இளம்பருவ இலை மட்டுமே. மரத்தைப் பற்றி ஏறினால் கொடி 20 மீட்டர் உயரம்வரை செல்லும். இலைகள் ஒரு மீட்டர் நீளம்வரை பெருத்து, ஓரங்கள் கிழிந்த வடிவம் பெறும். தோட்டத்துத் தென்னையிலும் மாமரத்திலும் ஏறவிட்ட கொடியில் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு கணுவிலும் பற்று வேர் முளைக்கும்.

பொன்மஞ்சள் தெளிப்புள்ள கோல்டன், வெண்பளிங்குக் கோடுகள் கொண்ட மார்பிள் குயின், முழுதும் இளம்பச்சையான நியான், சிறிய வெள்ளை விளிம்பு இலைகளுள்ள என்ஜாய் ஆகியவை நர்சரிகளில் பரவலாகக் கிடைக்கும் ரகங்கள்.

வெளிச்சம்

நேர் வெயில் இலையைக் கருக்கும். சித்திரைக் கத்திரியில் மேற்கு ஜன்னல் அறவே ஆகாது. கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலருகே, வெயில் படாத வெளிச்சம் ஏற்றது. பழைய ஓட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் இதற்குப் பொருத்தமான இடம். இருண்ட மூலையிலும் கொடி சாகாது. ஆனால் கணுக்களின் இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் தெளிப்பு மறைந்துவிடும். வெள்ளை மிகுந்த ரகங்களில் பச்சையம் குறைவு என்பதால் அவற்றுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

மண்

படுகையின் வயல்மண் நெல்லுக்கு உகந்த களிமண். தண்ணீரைத் தேக்கி வைக்கும் அந்தக் குணமே தொட்டிச் செடிக்குக் கேடு. வயல்மண்ணை அப்படியே நிரப்பினால் நனைந்தபோது சேறாகவும் காய்ந்தபோது கட்டியாகவும் மாறி வேரை நெரிக்கும். தோட்டமண் ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது கருக்கிய உமி ஒரு பங்கு, ஊறவைத்து அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய சாண எரு அரைப் பங்கு சேர்த்த கலவை நன்றாக வடியும். அரிசி ஆலைகள் உள்ள ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும்.

நீர்

மேல்மண்ணில் விரலை வைத்து, ஓர் அங்குல ஆழம் காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். கோடையில் வாரம் இரண்டு முறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பத்து நாளுக்கு ஒரு முறை போதும். இங்கு வீட்டுச் செடிகள் காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். அடியிலைகள் வரிசையாக மஞ்சளாவது அதன் முதல் அறிகுறி. போர்வெல் நீர் உவர்ப்பாக இருந்தால் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படியும். அப்படியானால் மழைநீர் நல்லது.

பதியமும் பாட்டில் வளர்ப்பும்

ஒரு கணுவும் ஓர் இலையும் உள்ள துண்டே புதுச் செடியாகும்; கணு இல்லாத இலைக்காம்பு வேர்விட்டாலும் கொடியாகாது. கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் நீளும்.

பாட்டிலில் வளர்ப்போர் கவனிக்க வேண்டியது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு. தேங்கிய நன்னீரில் அதன் முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரை வாரம் ஒரு முறையாவது முழுதும் மாற்றி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் நீரை மட்டும் கொட்டினால் போதாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இது பொருந்தும்.

உரமும் பூச்சியும்

மாதம் ஒரு முறை, லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் 19:19:19 உரக் கரைசல் போதும். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் காம்பு இடுக்குகளில் தங்கும். ஈரத்துணியால் துடைத்தபின், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம்.

நச்சுத்தன்மை

சேம்பு, கருணைக்கிழங்கு போலவே இதிலும் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். சாறு பட்ட தோல் சிலருக்கு அரிக்கும். தவழும் குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கத்தரித்த கொடியை ஆடு மாடு மேயும் இடத்தில் போடக் கூடாது.

நம்பிக்கைகள்

வீட்டில் செல்வம் சேரும், திருடி வந்து நட்டால்தான் தழைக்கும், தென்கிழக்கு மூலையில் வைக்க வேண்டும் என்பன மக்களிடையே உள்ள நம்பிக்கைகள். கணுவுள்ள எந்தத் துண்டும் எளிதில் வேர்விடும் என்பதால் திருடிய துண்டும் கேட்டு வாங்கியதும் ஒன்றுபோலவே வளரும்.

அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்ற கருத்து 1989இல் நாசா நடத்திய ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய சிறு பெட்டிகளில் நடந்த சோதனை. கட்டடங்களில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என 2019இல் வெளியான மறுமதிப்பீடு காட்டியது. ஜன்னலைத் திறந்துவைப்பதே மேல்.

சூழலியல்

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் இது ஆக்கிரமிப்புத் தாவரம். இலங்கையில் கண்டி உடவத்தகலைக் காட்டின் தரையிலும் மரங்களிலும் பரவி, நாட்டுச் செடிகளின் வளர்ச்சியைத் தடுத்துள்ளது. கணுவுள்ள சிறு துண்டும் ஈரமண்ணில் பிடித்துக்கொள்ளும் என்பதால், வெட்டிய கொடிகளை வாய்க்காலிலோ ஆற்றங்கரையிலோ வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே எருக்குழியில் சேர்க்க வேண்டும்.