போல்ட்டில் நிற்கும் வண்டி

ஹெரால்டு கட்டாயத்தில் பிறந்த வண்டி. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்த ஆலையை 1953இல் பி.எம்.சி. என்ற கார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. போட்டிக்காரன் கைக்குப் போன ஆலையை எத்தனை நாள் நம்புவது? மற்ற கம்பெனிகள் சேசிஸையே ஒழித்துவிட்டு, பாடியை ஒரே கூடாக வெல்டிங் வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இவர்களோ பழையபடி தனிச் சேசிஸ் போட்டு, வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கிய துண்டுகளை அதன்மேல் போல்ட்டால் முடுக்கினார்கள். இத்தாலியர் மிக்கலோத்தி வரைந்த வடிவம். 1959இல் அங்கே வெளிவந்தது, 1961இல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆனது. பிறகு வந்த நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிடைக்கவே இல்லை. அது நம்மூர்ச் சரக்கு.

அன்று பிற்போக்கு என்று பட்ட அந்த போல்ட்டுகள்தான் இன்று டிங்கரிங் பட்டறையில் இந்த வண்டியைக் காப்பாற்றுகின்றன. இரண்டு மட்கார்டும் சேர்ந்த பானெட் ஒரே துண்டாகக் கழன்று வரும். கதவுக்கடியில் ஓடும் தகடு வெறும் மூடிதான், பாரம் தாங்குவதில்லை. அதைக் கழற்றினால்தான் உள்ளே சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் தெரியும். பெரும்பாலும் அவைதான் துருவேறி உதிரும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளமும் அப்படியே; தண்ணீர் தேங்கத் தேங்க அடி சல்லடையாகிவிடும்.

பழைய பெயின்ட் எதை மறைக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும். தகட்டில் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிடிப்பு விட்டுவிடும். அங்கே இரும்பில்லை, விரல் கனத்துக்குப் பட்டி. முந்தைய சொந்தக்காரர்கள் துருவை வெட்டியெறியாமல் அதன்மேலேயே பூசி விற்றிருக்கிறார்கள். மேலே பளபளப்பு, உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மெல்லிய பட்டி குற்றமல்ல. ஓட்டையை அடைக்கப் பட்டி பூசுவது அயோக்கியத்தனம்.

நல்ல டிங்கர் உளுத்ததை நல்ல தகடு தட்டுப்படும்வரை வெட்டுவார். புதுத் துண்டை ஓரிடத்தில் வெல்டிங் புள்ளி வைத்து, ஒரு சாண் தள்ளி அடுத்ததை வைப்பார். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாய் நெளியும். சேசிஸின் கைகளை மாற்றும்போது பாடியை இறக்கவே கூடாது என்பது என் கட்சி. கதவுகள் மாட்டியபடியே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அளவு தவறி, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்த வராது. பாடிக்கும் சேசிஸுக்கும் இடையில் வைத்த தகட்டுச் செருகல்கள் எந்த போல்ட்டில் எத்தனை என்று கழற்றும்போதே குறித்துவைப்பதும் அதற்காகத்தான்.

பெயின்ட் கடைசியில். பானெட்டை மாட்டி, திறந்து மூடி, கீலைத் தளர்த்தி, இரு பக்க இடைவெளியும் ஒன்றாகும்வரை அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் பிரைமர் டப்பாவைத் திறக்கலாம். அவசரப்பட்டால், முதல்முறை பானெட்டைச் சாத்தும்போதே புதுப் பெயின்ட் ஓரத்தில் பெயரும்.