அஞ்சறைப் பெட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுன்னு எங்க குழு அக்கா கேட்டப்போ, "நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், எனக்கு என்னக்கா எழுதத் தெரியும்?"னு சொன்னேன். "உங்க அத்தை மருந்தைப் பத்தி எழுது"ன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல. ஏன்னா அந்த மருந்து இப்போ யார்கிட்டயும் இல்லை.

என் மாமியாரை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். அவங்க கிண்டுற பிரசவ லேகியத்துக்கு எங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் நல்ல பேரு. பிள்ளை பெத்த வீட்டுக்குத் தானே போய்க் கிண்டிக் கொடுத்துட்டு வருவாங்க. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், மஞ்சள், பெருங்காயம், வெல்லம், நல்லெண்ணெய், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல நாலஞ்சு சாமான் உண்டு. எது எவ்வளவு, எதை வறுக்கணும், எதைப் பச்சையா இடிக்கணும் என்பதெல்லாம் அவங்க கைக்குத்தான் தெரியும். என் ரெண்டு பிரசவத்துக்கும் அவங்க கிண்டினதைச் சாப்பிட்டேனே தவிர, பக்கத்துல உக்காந்து கேட்டு வெச்சுக்கல. அவங்க காலமாகி நாலு வருஷம் ஆச்சு. போன வருஷம் நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்தப்போ நாலு வீட்ல கேட்டோம். நாலு வீட்லயும் நாலு விதமா சொன்னாங்க. கடைசியில கடையில டப்பா வாங்கிக் கொடுத்தோம்.

அந்த ஆத்தாமையிலதான் நம்ம அஞ்சறைப் பெட்டியைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன். ஊர் நூலகமும் மகளோட பாடப் புத்தகமும் உதவுச்சு.

பெட்டிக்குள்ள எத்தனை தேசம்

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவது. "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்"னு நம்ம பெரியவங்க சொல்றாங்க. எகிப்து நாட்டுல சுமார் 3,200 வருஷத்துக்கு முன்னால செத்துப்போன ராம்சேஸ் என்ற ராஜாவோட பதப்படுத்தின உடம்புல, மூக்குல மிளகு வெச்சிருந்ததைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதே எகிப்துல, செங்கடல் ஓரம் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டினப்போ, நம்ம நாட்டுப் பானை ஒண்ணுல ஏழரை கிலோ மிளகு கிடைச்சது. அது ரோமாபுரி வியாபார காலம்.

பெருங்காயம் நம்ம மண்ணுது இல்லை. ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியோட பால் அது. இத்தனை நூறு வருஷமா ரசத்துல போட்டாலும், இந்தியாவுல அதைப் பயிர் பண்ண முதல் செடி நட்டது 2020 அக்டோபர்லதான், இமாசலப் பிரதேசத்துல. மிளகாயும் வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகுதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால நம்ம குழம்புக்குக் காரம் மிளகுதான். மிளகு மாதிரி காரமா இருக்கிற காய் என்பதாலதான் மிளகாய்னு பேரு. பழைய கோயில் மடப்பள்ளிகள் பலதுல இன்னைக்கும் மிளகாய் சேர்க்க மாட்டாங்க.

நம்ம கடற்கரை சொல்ற கதை

மாமல்லபுரம்னா நமக்குச் சிற்பம்தான் ஞாபகம் வரும். பல்லவர் காலத்துல அது பெரிய துறைமுகம். திருமங்கையாழ்வார் கடல்மல்லைன்னு பாடினப்போ அங்க வந்து போற கப்பல்களையும் சேர்த்தே பாடியிருக்கார்.

அங்கிருந்து தெற்கே கல்பாக்கம் போற வழியில சதுரங்கப்பட்டினம் இருக்கு. அங்க டச்சுக்காரங்க கட்டின செங்கல் கோட்டை இன்னும் நிக்குது. மகள் பள்ளிக்கூடத்துல சுற்றுலா கூட்டிட்டுப் போனப்போ நானும் துணைக்குப் போனேன். எழுத்து செதுக்கின கல்லறைகளைப் பார்த்தேன். இவ்வளவு தூரத்துல இருந்து இங்க எதுக்கு வந்தாங்கன்னு அன்னைக்குப் புரியல. பிறகு படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவங்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். இந்த ரெண்டும் அப்போ இப்போதைய இந்தோனேசியாவுல சில தீவுகள்ல மட்டும்தான் விளைஞ்சுது. அந்தத் தீவுக்காரங்களுக்குக் காசை விட நம்ம சோழமண்டலக் கரையில நெய்த துணி மேல ஆசை. அதனால இங்க துணி வாங்கி, அங்க கொண்டு போய்க் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினாங்க. நம்ம பக்கத்துப் பெண்கள் ராட்டையில நூத்த நூல் எந்தத் தீவுல எந்தப் பெண் கட்டின துணியாச்சோ! இதுல ரத்தமும் இருக்கு. ஜாதிக்காய் விளையுற பண்டா தீவுகளை 1621-ல் டச்சுக்காரங்க பிடிச்சாங்க. சுமார் 15,000 பேர் இருந்த இடத்துல ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினாங்கன்னு எழுதியிருக்காங்க. குழந்தைக்கு ஜாதிக்காய் இழைக்கிறப்போ அந்த நினைப்பு வந்து போகும்.

மஞ்சளுக்கு நடந்த வழக்கு

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில முக்கியமா சொல்ல வந்தது இதைத்தான்.

கை அறுபட்டா மஞ்சள் தூளை வெச்சு அழுத்துறது நமக்குப் புதுசு இல்லை. ஆனா 1995-ல் அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், மஞ்சளால புண் ஆத்துறது தங்களோட கண்டுபிடிப்புன்னு காப்புரிமை வாங்கிடுச்சு. நம்ம மத்திய அரசோட சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனம் 1996-ல் அதை எதிர்த்து மனு போட்டுச்சு. "எங்க நாட்டுல எல்லாப் பாட்டிக்கும் இது தெரியுமே"ன்னு சொன்னா அங்க செல்லாது. வேற நாட்டுல வழக்கத்துல இருந்தா மட்டும் போதாது, அச்சுல எழுதினதா இருக்கணும் என்பது அப்போ அவங்க சட்டம். அதனால பழைய சமஸ்கிருத, உருது, இந்திப் புத்தகங்கள், 1953-ல் இந்திய மருத்துவ இதழ்ல வந்த கட்டுரைன்னு 32 சான்றுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாங்க. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தாச்சு. அதுக்குப் பிறகு 2001-ல் நம்ம அரசு சித்தா, ஆயுர்வேதம், யுனானி மருந்துகளையெல்லாம் கம்ப்யூட்டர்ல பதிய ஆரம்பிச்சது.

யோசிச்சுப் பாருங்க. கோடிக்கணக்கான பெண்கள் தினமும் செஞ்சது அங்க சாட்சியாகல. யாரோ எழுதி வெச்ச 32 காகிதம்தான் சாட்சியாச்சு. 2020-ல் கொரோனா வந்தப்போ நமக்கெல்லாம் கபசுரக் குடிநீர் கொடுத்தாங்க இல்லையா? சுக்கு, திப்பிலி, கிராம்புன்னு 15 சாமான் அதுல. சித்த நூல்ல எழுதி இருந்ததாலதான் மாநிலம் முழுக்க ஒரே மாதிரி காய்ச்ச முடிஞ்சது. நம்ம செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில இருளர் பெண்கள் 1986-லேயே நலச் சங்கம் ஆரம்பிச்சு, தங்களோட மூலிகை அறிவைக் காப்பாத்திட்டு வராங்க. நாம எங்க அத்தை லேகியத்தைத் தொலைச்சுட்டு உக்காந்திருக்கோம்.

எங்க நிறுத்தணும்

பெரியவங்க சொன்னதுல பலதுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கு. ஓமத்துல தைமால், கிராம்புல யூஜினால்னு ஒரு சத்து இருக்கு. பல் டாக்டருங்களே யூஜினாலைப் பயன்படுத்துறாங்க. கர்ப்பிணிக்கு வர குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் கேக்கும். மஞ்சள் பால்ல மிளகு தட்டிப் போடுறோமே, மிளகுச் சத்து சேர்ந்தா மஞ்சள் சத்து உடம்புல பல மடங்கு கூடுதலா சேருதுன்னு பெங்களூர்ல இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரியில 1998-ல் கண்டாங்க.

ஆனா ஒண்ணை மறைக்காம சொல்லணும். என் மகன் ஏழு மாசக் குழந்தையா இருந்தப்போ சளி இருமல். கற்பூரவல்லிச் சாறு, ஓமத் தண்ணின்னு மூணு நாள் கொடுத்தோம். நாலாவது நாள் கிராம செவிலியர் தடுப்பூசி விஷயமா வந்தாங்க. சட்டையைத் தூக்கிப் பார்த்தாங்க. மூச்சு விடுறப்போ விலாவுக்குக் கீழ உள்ள இழுத்துச்சு. "இது நிமோனியா மாதிரி இருக்கும்மா, இப்பவே கிளம்பு"ன்னாங்க. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம். பிள்ளை பிழைச்சான்.

அத்தைக்குப் பிறந்தது ஆறு, தங்கினது நாலு. அந்த ரெண்டும் எப்படிப் போச்சுன்னு அவங்க சொன்னதே இல்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து, "ரெண்டும் இப்படி மூச்சு இழுத்துத்தான்டி போச்சு. அப்பவும் இதே ஓமத் தண்ணிதான் கொடுத்தேன்"னு சொல்லி அழுதாங்க. அதுக்குப் பிறகு யார் வீட்டுக்கு லேகியம் கிண்டப் போனாலும், "குழந்தைக்கு மூச்சு வாங்கினா என்னைக் கூப்பிடாத, ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு சொல்லிட்டுத்தான் அடுப்பைப் பத்த வெப்பாங்க.

நம்ம நோட்டு

அதனால என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு குழுவும் கணக்கு நோட்டு மாதிரி ஒரு மருந்து நோட்டு போடுவோம். ஒரு பக்கம் சாமான், அளவு, பக்குவம், சொன்னவங்க பேரு. எதிர்ப் பக்கம், எப்போ இதை விட்டுட்டு ஆஸ்பத்திரி போகணும் என்பது. ஒரு வயசு ஆகாத குழந்தை நாக்குல தேன் தடவக் கூடாது, பச்சைக் குழந்தைக்கு வசம்பு வேண்டாம்னு டாக்டருங்க சொல்றதையும் அதே பக்கத்துல எழுதுவோம். சந்தேகம் இருந்தா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அங்க போய்க் கேக்கலாம்.

எங்க குழுவுல ஆரம்பிச்சுட்டோம். இதுவரை பதினோரு மருந்து எழுதியாச்சு. முதல் பக்கத்துல அத்தை லேகியம்னு தலைப்புப் போட்டு, எனக்குத் தெரிஞ்ச ஒன்பது சாமானை எழுதி, கீழ அஞ்சு வரி காலியா விட்டிருக்கேன். எங்க அத்தை கையால லேகியம் வாங்கிச் சாப்பிட்ட சகோதரி யாராவது இதைப் படிச்சா, பக்கத்துல நின்னு பார்த்ததுல ஒரு சாமான் ஞாபகம் இருந்தாலும் வந்து சொல்லுங்க.